தேனைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள்

ஆடி பிறந்தால் போதும், வட்ஸ்அப்பில் தேன் கேட்டு வரத் தொடங்கிவிடுவார்கள். லீவில் ஊருக்கு வரும் சொந்தக்காரர், அவர்களுடைய அயலவர், அந்த அயலவரின் மச்சாள் என்று ஒரு வரிசை. "அண்ணா, சீனிப்பாணி கலக்காத சுத்தமான காட்டுத்தேன் ரெண்டு போத்தல் எடுத்து வைப்பீங்களா?" என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். கூடவே நிபந்தனைகளும் வரும். கட்டியாக இருக்க வேண்டும், தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, பிரிட்ஜில் வைத்தாலும் உறையக் கூடாது, விலையும் அதிகம் போகக் கூடாது. இத்தனையையும் ஒரே போத்தல் நிறைவேற்றினால் அந்தப் போத்தலைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

நான் தேன் வியாபாரி இல்லை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பக்கம் வேலை நிமித்தம் அடிக்கடி போய்வருகிறவன், உன்னிச்சை, ஆயித்தியமலை, புல்லுமலை என்று அங்கங்கே தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் இடைத்தரகன் வேலை என் தலையில் விழுந்துவிட்டது. விழுந்ததால் தேனைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படிக்கவும் வேண்டியதாயிற்று. படித்ததையும் பார்த்ததையும் ஒருமுறை எழுதி வைத்துவிட்டால், அடுத்த முறை கேட்பவர்களுக்கு இந்த இணைப்பை அனுப்பிவிட்டு நான் என் வேலையைப் பார்க்கலாம்.

முதலில் இந்த வீட்டுப் பரிசோதனைகள். தண்ணீரில் ஒரு துளி விடுவது, தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசுவது, கடதாசியில் விட்டு ஊறுகிறதா என்று பார்ப்பது, கட்டைவிரல் நகத்தில் வைத்து வழிகிறதா என்று பார்ப்பது. இவை எல்லாம் ஒரே ஒரு விஷயத்தைத்தான் அளக்கின்றன, தேனில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதை. ஈரம் குறைந்த எந்தப் பாணியும் தண்ணீரில் அடியில்தான் போய் நிற்கும். நன்றாகக் காய்ச்சிய சீனிப்பாணியும் நிற்கும், கித்துள் பாணியும் நிற்கும். தீக்குச்சியில் தண்ணீர் ஏறாவிட்டால் அது எரியும், அதற்குத் தேன் தேவையில்லை. எறும்பு தேன் தின்னாது, நாய் தேனை நக்காது என்பதெல்லாம் யார் கிளப்பிவிட்டதோ தெரியாது. எங்கள் வீட்டு எறும்புகளுக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது.

இப்போது மறுபக்கம் பாருங்கள். நம் காட்டில் கிடைக்கும் உண்மையான தேன் பெரும்பாலும் இந்தச் சோதனைகளில் தோற்றுப்போகும். காரணம், அது இளகின தேன். தேனீ பூவிலிருந்து கொண்டுவருவது தண்ணீர் மாதிரியான சாறு. அதைக் கூட்டில் வைத்துச் சிறகால் விசிறி விசிறி ஈரத்தைக் குறைத்து, போதுமென்று பட்டதும் மெழுகால் அறையை மூடும். மூடாத அறைகளையும் சேர்த்து வெட்டினால் ஈரம் கூடும். மூடின வதையே (தேனடையே) என்றாலும் கடலும் களப்பும் சூழ்ந்த இந்தக் காற்றில் ஈரம் ஒரு அளவுக்குக் கீழே இறங்குவது கஷ்டம். தேன் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் பொருள். மூடியைச் சரியாக இறுக்காத போத்தலே நாளடைவில் இளகும்.

எல்லாத் தேனும் ஒரே தேனீயிடமிருந்து வருவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும், விலையில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. உயர்ந்த மரக்கிளையிலும் பாறை முகட்டிலும் பெரிய ஒற்றை வதையாகக் கட்டித் தொங்கவிடுவது பெரிய தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது, பருவத்துக்கு ஏற்ப மலைநாட்டுக்கும் சமவெளிக்கும் இடையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும், கொட்டினால் ஆளையே கொல்லக்கூடியது. மரப் பொந்துக்குள்ளும் புற்றுக்குள்ளும் அடுக்கடுக்காக வதை கட்டுவது இன்னொன்று, பெட்டியில் வளர்ப்பது இதைத்தான். புதரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன வதை கட்டுவது மூன்றாவது. கொட்டாத கொசுத்தேனீ நாலாவது, அதன் தேன் புளிப்பு, கிடைப்பதும் சொற்பம், மருந்துக்கென்று தேடுகிறவர்கள் என்ன விலையும் கொடுப்பார்கள். ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் பெட்டி பெட்டியாக அள்ளிக் கொடுக்கிற வெள்ளைக்காரத் தேனீ நம் நாட்டில் வளர்ப்பில் இல்லை. அங்கே ஒரு பெட்டியில் எடுப்பதோடு நம் பெட்டியை ஒப்பிடவே முடியாது. நம் தேனீ வருடத்துக்குச் சில கிலோ கொடுத்தாலே நல்ல பெட்டி என்பார்கள், அதுவும் மனம் மாறினால் ஒரு காலையில் கூட்டத்தோடு எழும்பிப் போய்விடும். வளர்ப்பதைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருக்கிறது. இங்கேயிருந்து போய்வர ஒரு முழுநாள்.

சரி, தரநிர்ணயம் என்ன சொல்கிறது?

உலக அளவில் எல்லாரும் காட்டுவது கோடெக்ஸ், அதாவது ஐ.நா.வின் உணவு, சுகாதார அமைப்புகள் சேர்ந்து நடத்தும் உணவுத் தர ஆணைக்குழு வகுத்த தேன் தரநிர்ணயத்தைத்தான். 1981இல் வந்தது, பிறகு திருத்தப்பட்டது. நம் நாட்டிலும் தேனுக்கென்று எஸ்.எல்.எஸ், அதாவது இலங்கைத் தரக்கட்டளை இருக்கிறது. கோடெக்ஸ் கணக்குப்படி ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பூத்தேனில் குளுக்கோசும் பிரக்டோசும் சேர்ந்து 100 கிராமுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. நாம் தேநீரில் போடுகிற சீனி, அதாவது சுக்குரோசு, சில குறிப்பிட்ட பூக்களின் தேன் தவிர மற்றதில் 5 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எச்.எம்.எப். என்று ஒரு பொருள் உண்டு, தேனைச் சூடாக்கினாலோ நாட்கணக்கில் வெக்கையில் வைத்தாலோ பிரக்டோசிலிருந்து உண்டாவது, அது கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வெப்பநாட்டுத் தேனுக்கு மட்டும் 80 வரை விட்டிருக்கிறார்கள். டயஸ்டேஸ் என்ற நொதி குறைந்தது 8 அலகு இருக்க வேண்டும், அது சூட்டில் அழியும் நொதி.

இந்த 80 எதற்கென்று யோசித்துப் பாருங்கள். 30 பாகை வெக்கையில் கிடக்கும் தேனில் எச்.எம்.எப். 40ஐத் தொட ஏறத்தாழ 100 முதல் 300 நாள் எடுக்கும், 40 பாகையில் 20 முதல் 50 நாள் போதும், 60 பாகைக்குக் காய்ச்சினால் ஓரிரண்டு நாள். மே மாதத்தில் தகரக் கூரைக் கடையில் வெயில் படும் தட்டில் வரிசையாக வைத்திருக்கும் போத்தல்களை நினைத்துக்கொள்ளுங்கள். தேனில் யாரும் எதுவும் கலக்கவில்லை, கடைக்காரர் கண்ணாடி அலுமாரியில் அழகாக அடுக்கியதே போதும், ஆய்வுகூடத்தில் அது தோற்றுவிடும்.

ஈரத்துக்கு வருவோம், எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். 20 சதவீதம் என்பது சும்மா போட்ட எண் இல்லை. அதற்கு மேல் போனால் தேனிலேயே இருக்கும் மதுவம் (ஈஸ்ட்) வேலை செய்யத் தொடங்கும், நுரைக்கும், புளிக்கும், மூடி 'புஸ்' என்று கிளம்பும். (அந்த 'புஸ்'ஸையும் 'வீரியமான காட்டுத்தேன்' என்று விற்கிற கெட்டிக்காரர் இருக்கிறார்கள்.) எண் சரிதான். ஆனால் அதே தரநிர்ணயத்தில் ஐரோப்பாவின் கல்லூனா புதர்ப்பூத் தேனுக்கு மட்டும் 23 சதவீதம் வரை விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேனின் இயல்பு அப்படி, அதற்காகப் பேச அங்கே ஆள் இருந்தது. கொசுத்தேனுக்கு இயல்பிலேயே ஈரம் இன்னும் அதிகம். மலேசியா 2017இல் தன் கொசுத்தேனுக்குத் தனித் தரநிர்ணயமே எழுதிக்கொண்டது, பதப்படுத்தாத தேனில் ஈரம் 35 சதவீதம் வரை போகலாம் என்று. நியூசிலாந்து 2018இல் மனுக்கா என்ற தன் புதர்ப்பூவின் தேன் எது என்று நான்கு இரசாயனக் குறிகளையும் ஒரு மரபணுக் குறியையும் வைத்து வரையறுத்தது, அந்தத் தேன் இன்றைக்கு விற்கும் விலைக்கு அந்த வேலையும் ஒரு காரணம். நம் பெரிய தேனீயின் தேன் பல இடங்களில் 20ஐத் தாண்டித்தான் அளவில் வருகிறது. அதற்காகப் பேச யாருமில்லை. ஆகவே அது காகிதத்தில் 'தரம் குறைந்தது', சந்தையில் 'தண்ணி கலந்தது'.

இதன் விளைவு என்ன தெரியுமா? உன்னிச்சைப் பக்கம் நான் வழக்கமாகத் தேன் எடுக்கும் ஒருவரிடம், ஏன் இந்த முறை தேன் இவ்வளவு கறுத்துக் கட்டியாக இருக்கிறது என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "காய்ச்சித்தான் குடுக்கிறன் தம்பி. காய்ச்சாட்டி தண்ணி கலந்ததெண்டு சொல்லுறாங்க. ரோட்டுல நிண்டு கிளாசில விட்டுப் பார்த்துட்டு, கரையுது எண்டு சொல்லித் திருப்பித் தந்துட்டுப் போறாங்க. மறுகா நான் என்ன செய்யிற?"

என்ன செய்வது! உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மரமேறி எடுத்த தேனை, வாங்குகிறவர் கிளாசில் தேற வேண்டுமே என்று அடுப்பில் வைத்துக் காய்ச்சுகிறார். காய்ச்சியதும் எச்.எம்.எப். ஏறும், நொதி சாகும், பூவின் வாசம் ஆவியோடு போய்விடும். இப்போது தேன் கட்டியாகிவிட்டது, தண்ணீர்ச் சோதனையில் பாஸ், தீக்குச்சிச் சோதனையில் பாஸ். ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் பெயில். சீனிப்பாணிக்காரருக்கோ இந்தக் கவலை எதுவுமில்லை, அவருடைய சரக்கு பிறந்ததிலிருந்தே கட்டி. ஆக நாம் வீட்டில் செய்யும் பரிசோதனை கலப்படக்காரரைப் பிடிப்பதில்லை, நல்ல தேன்காரரின் தேனைக் கெடுக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே.

உறைவதும் இதே கதை. பிரிட்ஜில் வைத்த தேன் அடியில் சீனி மாதிரிப் படிந்துவிட்டது, ஏமாற்றிவிட்டார்கள் என்று படம் பிடித்து அனுப்புகிறார்கள். தேனில் குளுக்கோசு கூடினால் உறையும், பிரக்டோசு கூடினால் இலகுவில் உறையாது, எந்தப் பூ என்பதைப் பொறுத்தது. 14 பாகை அளவில்தான் தேன் வேகமாக உறையும். நம் ஊர் வெக்கையில் வெளியே இருந்தால் பெரும்பாலும் உறையாது, கனடாக் குளிரில் கட்டாயம் உறையலாம். அதற்காக உறைந்ததெல்லாம் நல்ல தேன் என்றும் முடிவுகட்ட வேண்டாம், சீனிப்பாணியிலும் சீனி படியும். உறைந்த தேனை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்கலாம். கை பொறுக்கிற சூடு போதும்.

அப்போது கலப்படத்தை எப்படித்தான் பிடிப்பது என்று கேட்பீர்கள். உண்மையைச் சொன்னால், வீட்டில் பிடிக்க முடியாது. ஆய்வுகூடத்திலும் அது பூனை எலி ஆட்டம். கரும்பும் சோளமும் ஒரு விதமாகக் கரியமிலவாயுவை எடுக்கும் பயிர்கள், பூ மரங்களில் பெரும்பாலானவை வேறு விதம். கரிம ஐசோடோப்பு, அதாவது கரிம அணுவின் எடை வேறுபட்ட வகைகள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால் கரும்புச் சீனி கலந்தது தெரிந்துவிடும், அப்படிக் கணக்கிட்ட சீனி 7 சதவீதத்தைத் தாண்டினால் கலப்படம். அம்பாறையில் ஹிங்குரானைச் சீனி ஆனாலும் சரி, கப்பலில் வரும் வெள்ளைச் சீனி ஆனாலும் சரி, கரும்புச் சீனி என்றால் இதில் மாட்டும். இது தெரிந்ததும் உலகத்துப் பெரிய கலப்படக்காரர்கள் அரிசியிலிருந்தும் சீனி எடுக்கும் பீட் கிழங்கிலிருந்தும் பாணி செய்யத் தொடங்கினார்கள், அவை பூ மரங்களின் கணக்கிலேயே வருவதால் ஐசோடோப்புக்கு அகப்படாது. பிறகு தேனைக் காந்தப்புலத்தில் வைத்து அதிலுள்ள மூலக்கூறுகளை அடையாளம் காணும் என்.எம்.ஆர். என்ற பரிசோதனை வந்தது. 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுத் தேனை வாங்கி ஆராய்ந்தபோது, பெரிய பிராண்டுகள் பெரும்பாலும் வழக்கமான பரிசோதனைகளில் தேறின, ஜேர்மன் ஆய்வுகூடத்தில் என்.எம்.ஆர். செய்து பார்த்தால் மூன்றே மூன்றுதான் தேறின. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வெளியிட்ட அறிக்கையில், வெளிநாட்டிலிருந்து வந்த 320 மாதிரிகளில் 147 சந்தேகத்துக்குரியவை, அதாவது 46 சதவீதம். எனவே "சுப்பர்மார்க்கெட்டில லேபலோட வாங்கினா பயமில்லைதானே" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? லேபலில் அச்சு நன்றாக இருக்கும்.

உள்ளூர்ச் சீனிப்பாணி இவ்வளவு நுட்பமானது இல்லை. வெறும் சீனியைத் தேன் பதத்துக்குக் காய்ச்சினால் ஆறியதும் சீனியாகவே படிந்துவிடும். படியாமலிருக்கத் தேசிக்காய்ப் புளியோ வேறு புளியோ விட்டுக் காய்ச்சுவார்கள், சுக்குரோசு உடைந்து குளுக்கோசும் பிரக்டோசுமாக மாறும். புளியும் சூடும் சேர்ந்த இடத்தில் எச்.எம்.எப். தாறுமாறாக ஏறும். ஆய்வுகூடம் இருந்தால் பிடிப்பது சுலபம். ஒரு போத்தலுக்காக யார் கொழும்புக்கு அனுப்பிப் பரிசோதிப்பார்?

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, தராசு. இது கலப்படத்தைச் சொல்லாது, ஆனால் விலையில் ஏமாறாமல் காக்கும். நம் பக்கத்தில் தேன் விற்பது போத்தல் கணக்கில், போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தல். கடையில் லேபலோடு விற்பது கிராம் கணக்கில். தேன் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு பாரம். ஆகவே 20 சதவீத ஈரமுள்ள தேன் ஒரு போத்தல் கிட்டத்தட்ட 1 கிலோ 60 கிராம் நிற்கும். 500 கிராம் என்று போட்ட கடைப் போத்தலில் இருப்பதோ 350 மில்லிலீற்றர் சொச்சம்தான். "சுப்பர்மார்க்கெட்டில் அரைக்கிலோ இவ்வளவுதான், நீங்கள் ஒரு போத்தலுக்கு இவ்வளவு கேட்கிறீர்களே" என்று பேரம் பேசுகிறவர்கள், தங்கள் கையில் இருப்பது அதைப் போல இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூட என்பதைப் பார்ப்பதில்லை.

நிறுப்பது இப்படி. வெறும் போத்தலை நிறுங்கள். ஒரு கோடு போட்டு அதுவரை தண்ணீர் விட்டு நிறுங்கள். தண்ணீரைக் கொட்டி நன்றாகக் காயவைத்து, அதே கோடு வரை தேன் விட்டு நிறுங்கள். வெறும் போத்தல் நிறையைக் கழித்துவிட்டுத் தேனைத் தண்ணீரால் பிரியுங்கள். 1.41, 1.42 வந்தால் ஈரம் 20ஐ ஒட்டி. 1.38க்கு வந்தால் 25ஐ ஒட்டி, அது நல்ல தேனாகவே இருக்கலாம், ஆனால் நாட்பட வைக்காமல் சீக்கிரம் சாப்பிட வேண்டும். 1.35க்கும் கீழே என்றால் அதில் தண்ணீர் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது, யார் ஊற்றினாலும்.

இனி விலை. இன்றைய விலை இதுதான் என்று எழுதினால் அடுத்த மாதம் யாராவது அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், அதனால் கணக்கை மட்டும் சொல்கிறேன். ஒரு போத்தல் போலித் தேனுக்கு ஏறத்தாழ 850 கிராம் சீனி போதும். மிச்சம் தண்ணீர், விறகு, கொஞ்சம் புளி. சீனி கிலோ 300 ரூபாவுக்குக் கீழே இருக்கும் நாளில் அந்தப் போத்தலின் அடக்கவிலை 300 ரூபாவைத் தாண்டாது. அதை 1000 ரூபாவுக்கு விற்றாலும் இலாபம், 3000 ரூபாவுக்கு விற்றாலும் இலாபம். காட்டுத்தேன்காரருக்கு? இரண்டு மூன்று பேர் சேர்ந்துதான் போக வேண்டும், ஒருவர் ஏற, ஒருவர் புகை போட, ஒருவர் கீழே வாங்க. பாதையில் யானை. எல்லாக் காடும் நினைத்தபடி நுழையக்கூடிய காடுமில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவானபோது, தேனுக்கும் வேட்டைக்கும் அந்தக் காட்டை நம்பியிருந்த வேடர்களே வெளியில் நிற்க வேண்டி வந்தது. இத்தனைக்குப் பிறகு கிடைக்கும் வதையில் தேன் இருக்குமா, புழு மட்டும்தான் இருக்குமா என்பது வெட்டின பிறகுதான் தெரியும். கிடைத்த போத்தல்களை மூன்று பேருக்குப் பிரித்தால், நாட்கூலிக்காவது கட்டுப்பட வேண்டாமா?

வாங்குகிறவர் என்ன செய்கிறார்? எது நல்லது என்று தெரியாததால் நடுவில் ஒரு விலை கேட்கிறார். "எப்படியும் கலப்படமாகத்தான் இருக்கும், அதனால் 1500க்குத் தாருங்கள்." அந்த 1500 சீனிப்பாணிக்காரருக்குக் கொழுத்த இலாபம், காட்டுக்குப் போனவருக்கு நட்டம். இரண்டு பருவம் நட்டப்பட்டவர் காட்டுக்குப் போவதை விட்டு மேசன் வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த வருடம் ரோட்டோரத்தில் யார் மிச்சம் என்று உங்களுக்கே தெரியும். நம் சந்தேகம் நம்மைக் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறோம், அது நல்ல தேனைத்தான் சந்தையை விட்டுத் துரத்துகிறது.

பெட்டித்தேன் என்றால் குறைவு என்ற எண்ணமும் வேண்டாம். ஒழுங்காக எடுத்த பெட்டித்தேன் பிழிந்தெடுத்த காட்டுத்தேனைவிடச் சுத்தம். காட்டில் வதையை அப்படியே கையால் பிழிந்தால் புழுவின் சாறும் மகரந்தமும் சேர்ந்து இறங்கும், சீக்கிரம் புளிக்கும். புழுப்பகுதியைத் தள்ளித் தேன்பகுதியை மட்டும் வெட்டி, துணியில் கட்டித் தானாக வடியவிடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய போத்தலுக்கு நான் பேரம் பேசுவதில்லை. பெட்டியில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மாரியில் பூ இராது, மழையில் தேனீ வெளியே போகாது, அப்போது கூட்டம் சாகாமலிருக்கச் சீனிக் கரைசல் வைப்பார்கள். அதில் தப்பில்லை. கரைசல் வைத்த கையோடு தேன் எடுத்தால்தான் அது தேனீ வழியாக வந்த சீனி. ஆகவே எந்த மாதத்தில் எடுத்தது என்று கேளுங்கள். எங்கள் பக்கம் வைகாசி தொடங்கி ஆடி வரைதான் தேன் பெருகும் காலம். அப்போது எடுத்து வைத்ததை வருடம் முழுக்க விற்கலாம், அது வேறு. கார்த்திகை மழையில் நின்றுகொண்டு "நேற்றுத்தான் வெட்டினது" என்று ஒருவர் வாளி வாளியாக விற்றால் குடையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இடையில் இரண்டு விஷயம், தேன் கேட்பவர்களில் பாதிப் பேர் இவற்றுக்காகத்தான் கேட்கிறார்கள். நீரிழிவுக்காரர் "தேன் சீனி இல்லைதானே" என்று கரண்டி கரண்டியாகச் சாப்பிடக் கூடாது. எவ்வளவு சுத்தமான தேனும் இரத்தத்தில் சீனியை ஏற்றும். இன்னொன்று, பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தடவுவது. பெத்தா சொன்னாலும் வேண்டாம். தேனில் பொட்டுலிசக் கிருமியின் வித்து இருக்கக்கூடும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் குடல் அதைத் தாங்காது. இது கலப்படத் தேனுக்கு மட்டுமுள்ள ஆபத்து இல்லை, முழுச் சுத்தமான தேனுக்கும் இதே விதிதான்.

சரி, என்னதான் வழி என்றால், எனக்குத் தோன்றுவது பெரிய திட்டம் ஒன்றுமில்லை. அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் நெல் விற்கத் தெரியாத வீடு கிடையாது. நெல்லை யாரும் "சுத்தமா, கலப்படமா" என்று கேட்டு வாங்குவதில்லை, ஈரமானியை வைத்துப் பார்க்கிறார்கள். 14 சதவீதத்துக்குள் இருந்தால் முழு விலை, மேலே போனால் அதற்கேற்பக் கழிவு. ஈர நெல் கொண்டுவந்தவரை யாரும் கள்ளன் என்பதில்லை. தேனுக்கும் அப்படி ஒரு கருவி உண்டு, கையடக்கமானது, ஒரு துளியைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரம் தெரியும். 20 பாகைக்கு அளந்து செய்தது என்பதால் நம் வெக்கைக்குத் திருத்தம் போட வேண்டும், சிலவற்றில் அது தானாகவே நடக்கும். அது கலப்படத்தைக் காட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஒரு கிராமத்துத் தேன்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்து, போத்தலில் எந்தத் தேனீ, எந்த மாதம், எந்தக் காட்டுப்பக்கம், ஈரம் எத்தனை, காய்ச்சினதா இல்லையா என்று ஒரு துண்டு ஒட்டினால், அந்த ஐந்து வரிக்கு நான் மேலே 500 ரூபா கொடுப்பேன். ஐரோப்பாவிலேயே 2024இல் சட்டத்தைத் திருத்தி, கலவைத் தேன் போத்தலில் எந்த நாட்டிலிருந்து எத்தனை சதவீதம் என்று 2026 ஜூனிலிருந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நம்மவருக்கு நாடு எழுதத் தேவையில்லை, ஊர் எழுதினால் போதும்.

காய்ச்சாத தேன் 20க்குள் இருந்தால் ஒரு விலை, 22 வரை ஒரு விலை, அதற்கு மேலே இருந்தால் இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லி இன்னும் குறைந்த விலை. உன்னிச்சைக்காரரிடம் இதைச் சொன்னேன். "கருவி என்ன விலை தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். விலையைச் சொன்னதும், ரெண்டு போத்தல் தேன் காசு என்று அவரே கணக்குப் போட்டார். அடுத்த பருவத்துக்கு முன்னால் வாங்கிக்கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் தேன் கேட்டு எழுதுகிறவர்கள் இனிமேல் சுத்தமா என்று கேட்க வேண்டாம், ஈரம் எவ்வளவு என்று கேளுங்கள், படம் எடுத்து அனுப்புகிறேன்.